தடைக்காலத்துச் சூரை

ஏப்ரல் 15, திங்கள்

இன்று தடைக்காலம் தொடங்கிவிட்டது. இனி அறுபத்தொரு நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. என் வீட்டுக்காரர் கிளாட்வின் நேற்றே கொச்சிக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் இன்னும் தடை இல்லை. "படகு இரைச்சல்ல போன்ல ஒண்ணும் பேச முடியாது, நடக்கிறத எழுதி வை, வந்து படிக்கேன்" என்று இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் இதுவரை டைரி எழுதியதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் எங்கள் மீன் கம்பெனியைப் பூட்டுவார்கள். மீன் வெட்டுகிற பெண்கள் நூற்று நாற்பது பேரும் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார்கள். இந்த வருஷம் பூட்டவில்லை. மேனேஜர் தியோடர் சார் எல்லோரையும் வெட்டும் ஹாலில் நிற்க வைத்துச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து சூரை மீன் வருகிறதாம், உறைந்த கட்டியாக. நாம் வெட்டி, பாக்கெட் போட்டு, வேறொரு நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாட்டுப் படகு பிடித்து, இன்னொரு நாட்டில் உறைய வைத்து, கொழும்பு வழியாக இங்கே வந்து, நாலு நாள் நம் பெண்கள் கையில் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறும்.

"இவ்வளவு தூரம் ஏன் சார் சுத்துது, அங்கேயே வெட்டிக்கிட மாட்டாகளா?" என்று சண்முகக்கனி அக்கா கேட்டாள்.

"அங்க கத்தி பிடிக்கிற கைக்கு நம்மள மாதிரி பத்து மடங்கு குடுக்கணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கனியக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

என் வேலையைக் கிளாட்வினுக்கே நான் சரியாகச் சொன்னதில்லை. நான் தரம் பார்க்கிறவள். பதினாலு வருஷம். நயினார் என்று இன்னொருவர் இருக்கிறார், ஆளுக்கு ஒரு ஷிப்ட். உறைந்த மீன் கல் மாதிரி இருக்கும், வாடை வராது. அதில் டிரில்லை இறக்கி, வெளியே இழுத்த உடனே அதன் நுனியை மூக்கருகில் பிடிக்க வேண்டும். சுழன்ற சூட்டில் உள் சதையின் வாடை ஒரு நொடி எழும்பும். அதற்குள் தெரிந்துவிடும். சரி என்றால் தாளில் கையெழுத்து. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் கத்திக்குப் போகாது. 'மூக்கு மேடம்' என்று எனக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஏப்ரல் 19, வெள்ளி

குளிர் அறை வாசலில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டை தரையில் அடித்தது. சிறிது நேரம் ஒன்றும் ஞாபகமில்லை. தியோடர் சார் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. "வீட்டுல விழுந்ததா இருக்கட்டும் மேடம், ஆடிட்டுக்கு வாரவன் நூறு கேள்வி கேப்பான்" என்றார். சரி என்றேன். இரண்டு நாள் லீவு.

ஏப்ரல் 22, திங்கள்

முதல் கன்டெய்னர் வந்தது. பெட்டியை உடைத்து ஒரு மீனை அறுத்துக் காட்டினதும் எல்லோரும் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அப்படியொரு சிவப்பு. செம்பருத்தி இதழ் மாதிரி. நம் சூரை வெட்டின அரை மணியில் பழுப்படித்துவிடும். இது காலையில் வெட்டியது சாயங்காலமும் அப்படியே இருந்தது.

தியோடர் சார் சொன்னார், உறைய வைக்கும் முன்னால் ஒரு புகைக்காற்றை ஏற்றுகிறார்களாம், அதில் நிறம் அப்படியே நின்றுவிடுமாம். வாங்குகிற நாட்டில் அதற்குத் தடையில்லையாம்.

பன்னிரண்டு மீனில் டிரில் இறக்கினேன். வாடை இல்லை. கொஞ்சமும் இல்லை. இவ்வளவு சுத்தமான மீனைப் பதினாலு வருஷத்தில் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

பால் பொங்கி வழிந்து பாத்திரம் கரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயசீலி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்ட பிறகுதான் போய் அணைத்தேன். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

நயினாரை நாகர்கோவில் பக்கத்து இறால் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ஏப்ரல் 26, வெள்ளி

தியோடர் சார் அறைக்குக் கூப்பிட்டார். தலை வலி எப்படி இருக்கிறது, கிளாட்வின் எப்போது வருகிறார் என்று பொதுவாகப் பேசினார். மேஜையில் மூடி சற்றே திறந்த ஒரு தூக்குவாளி, எனக்கு நேராக. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்போது டீ கொண்டு வந்த ஆள் வாசலிலேயே நின்று முழங்கையால் மூக்கை மூடினான். டீயைக் கீழே தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"நல்லது மேடம்" என்றார் சார். "இனிமே ரெண்டு ஷிப்டும் நீங்களே பாத்துக்கிடுங்க. சம்பளத்துல சேத்துப் போடச் சொல்லுதேன்."

தூக்குவாளியில் என்ன என்று நான் கேட்கவில்லை. சாப்பாடாக இருக்கும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

மீனைச் சதுரமாக வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டுகள் கூடைகூடையாகச் சேர்கின்றன. வெட்டித் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, வரி கட்டாமல் உள்ளே வந்த மீன் இது. வந்த எடையும் போகிற எடையும் சரியாக இருக்க வேண்டும், மீதியை அழித்துவிட்டதாக எழுத வேண்டும். எழுதுகிறோம். துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். தடைக்காலத்தில் ஊரில் மீன் ஏது. எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

கேட்டில் எப்போதும் ஏழெட்டுப் பூனைகள் கிடக்கும். வாட்ச்மேன் பரமசிவம் இரண்டு துண்டு எறிந்தார். ஒரு பூனை எழுந்து வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. மற்றவை எழுந்திருக்கவே இல்லை. வெயில்.

மே 3, வெள்ளி

பெண்கள் முகக்கவசத்துக்கு மேல் சேலை முந்தானையையும் சுற்றிக்கொண்டு வெட்டுகிறார்கள். ஏசி அதிகமோ என்று கேட்டேன். குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

டிரில் போட்டுக்கொண்டிருந்தபோது கனியக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிறம் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

அவள் கண் கலங்கினது மாதிரி இருந்தது. கையுறையோடு என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

மே 6, திங்கள்

பெருங்காயம் பழசாகிவிட்டது. கற்பூரமும் பழசு. மண்ணெண்ணெயும்கூட. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மே 9, வியாழன்

ஒரு துண்டு மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சமைக்க இல்லை. வீட்டுப் பின்கட்டில் ஒரு தட்டில் வைத்து, மேலே பாத்திரம் கவிழ்த்தேன். நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்க ஆசை.

மே 10. சிவப்பு.

மே 11. சிவப்பு. ஓரம் மட்டும் காய்ந்திருக்கிறது.

மே 12. கோவிலுக்குப் போய் வந்து திறந்து பார்த்தேன். வெளியே வெயில் நாற்பது டிகிரி. சிவப்பு.

மே 13, திங்கள்

காலையில் கதவு தட்டினது. ஜெயசீலி, அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அமலிக்கா, நல்லா இருக்கியளா?"

"இருக்கேன். ஏன்?"

"மூணு நாளா வாடை. எங்க வீட்டுல சோறு திங்க முடியல. இன்னைக்குக் காலையில நீங்க வெளிய வரல பாத்துக்கிடுங்க, அதான் எல்லாரும்..." மீதியை அவள் சொல்லவில்லை. நான் செத்துக் கிடக்கிறேனோ என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரர் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தவர் திரும்பிப் போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தார்.

பின் கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்தேன். ஜெயசீலி தூரத்திலிருந்தே பார்த்தாள். "இதுவா? இது இப்பம் வாங்கின மீன் மாதிரில்லா இருக்கு?" என்றாள். பிறகு அவளுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது.

அவர்கள் போன பிறகு அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். குனிந்து, மூக்கு சதையில் படுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சை இழுத்தேன். குளிர்ந்த தண்ணீர் மாதிரி வெறும் காற்று உள்ளே போனது.

எழுதிவிடுகிறேன். எனக்கு வாடை தெரியவில்லை. ஏப்ரல் 19 முதல் தெரியவில்லை.

மே 14, செவ்வாய்

காது மூக்கு டாக்டரிடம் போனேன். விழுந்த அடியில் வாடை அறிகிற நரம்பு அறுந்திருக்கலாம் என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். "என்ன வேலை பாக்கிய?" என்று கேட்டார். டீச்சர் என்றேன்.

மே 15, புதன்

தியோடர் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"நயினார் முதல் கன்டெய்னர்ல டிரில் போட்டு மோந்த உடனே வேண்டாம்னுட்டாரு. நாகர்கோவில்ல இருக்காரு. நீங்க வேண்டாம்னு சொல்லல."

அவர் கோபப்படவில்லை, மிரட்டவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். மீனைத் திருப்பி அனுப்பினால் விற்ற நாட்டுக்காரன் வாங்க மாட்டான். நடுக்கடலில் கொட்டவும் முடியாது. கம்பெனி படுத்துவிடும், ஹால் பூட்டப்படும். "இந்தப் பொம்பளையள்லாம் எங்க போவாக? மீனை நல்லா வேகவச்சுத் தின்னா ஒண்ணும் ஆகாது. எங்க அம்மா கெட்ட மீனுல கருவாடு போட்டு எங்கள வளத்தா." பிறகு அலமாரியைத் திறந்து என் தாள்களைக் காட்டினார். "இருபத்தெட்டு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. உங்க மூக்குக்கு இங்க சம்பளம் இல்ல மேடம்."

ஹாலுக்குத் திரும்பி வந்தேன். இருபத்தொன்பதாவதிலும் போட்டேன்.

மே 17, வெள்ளி

இரண்டாவது கன்டெய்னர். கொழும்புத் துறைமுகத்தில் ஒன்பது நாள் மின்சாரம் கொடுக்காமல் கிடந்திருக்கிறது. உள்ளே வெப்பம் பதிகிற கருவியில் அந்த ஒன்பது நாளும் வெறும் வெள்ளைத்தாள். பெட்டிக்குள் பனி வழுவழுவென்று ஒரே பாளமாக இருந்தது. உருகி மறுபடி உறைந்தால்தான் அப்படி இருக்கும், அதற்கு மூக்கு வேண்டாம், கண் போதும்.

மீன் முன்னதைவிடச் சிவப்பு.

கையெழுத்துப் போட்டேன். இன்று துண்டுகள் நிறைய. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று கொண்டு போனார்கள். யாரையும் நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மே 20, திங்கள்

காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. நான் கேட்டில் நின்றேன். முதலில் இறங்கினவளுக்கு முகம் சிவந்திருந்தது. வெயிலில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்தவளுக்கும். அதற்கடுத்தவளுக்கும். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே சீராக, யாரோ குங்குமத்தைக் குழைத்துப் பூசினது மாதிரி. கண்வெள்ளையும் சிவப்பு. ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள், வெட்கப்படவும் செய்தார்கள். எண்ணினேன். முப்பத்தாறு பேர்.

"தலை இடிக்கி மேடம். நெஞ்சு படபடன்னு அடிக்கி" என்றாள் ஒருத்தி.

"காலையில என்ன சாப்பிட்டிய?"

"நேத்து வச்ச மீன் குழம்புதான்."

கையைக் கழுவிவிட்டு எல்லோரும் ஹாலுக்குள் போனார்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, நடுவில் சிவந்த முகங்கள், மேஜையில் சிவந்த மீன். கத்திச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் பலருக்கு முகம் தெளிந்துவிட்டது.

கனியக்கா வரவில்லை.

மே 21, செவ்வாய்

பெண்கள் குடியிருக்கிற தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலைக் கொத்து. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து ஈரமாகக் கிடந்தது தெரு. பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஒரு ஜன்னலில் நாலு வயசுக் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, முகம் பழுத்த மிளகாய் மாதிரி. அது அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மை கண்ட வீட்டில் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள், மீனும் சமைக்க மாட்டார்கள். இரண்டாவது நல்லது என்று நினைத்தேன். நினைத்தது நானா என்று பிறகு பயமாக இருந்தது.

கனியக்கா வீட்டுக் கதவில் வேப்பிலை இல்லை. பூட்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் செல்லையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாகச் சொன்னார்கள்.

மே 22, புதன்

செல்லையா இறந்துவிட்டார். மாரடைப்பு. ஏற்கெனவே இதயத்தில் இரண்டு அடைப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர், உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர். டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாராம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மே 24, வெள்ளி

இல்லை. அப்படி எழுதிவிட்டு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கனியக்கா வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்கு வாடை தெரியாது. கீழ விழுந்ததுல இருந்து தெரியாது. தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டேன். பெறகு தெரிஞ்சும் போட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதா?" என்றாள்.

"தெரியாது."

"நாங்க எல்லாரும் உங்களுக்குத் தெரியும்னுல்லா நினைச்சோம்." மெதுவாகச் சொன்னாள். "முத நாளே வாடை வந்துட்டு மேடம். இரும்புத் துருவும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. நீங்க வேண்டாம்னு எழுதிருவியன்னு எல்லாரும் பயந்து போய்க் கிடந்தோம். எழுதிட்டா ஹாலப் பூட்டிருவாக. நீங்க சரின்னு போட்டிய. எங்களுக்காகத்தான் போடுதிய, எங்க வயித்தப் பாத்துப் போடுதியன்னு நினைச்சோம். உங்க பேருல மெழுகுதிரி கொளுத்தினவகூட உண்டு."

அன்றைக்கு அவள் என் கையை ஏன் அழுத்தினாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வாடை அடிச்சும் ஏன்க்கா வீட்டுக்குக் கொண்டு போனிய?"

"நிறம் இருந்துச்சு. உங்க கையெழுத்தும் இருந்துச்சு. அது ரெண்டும் சரிங்கும்போது எம் மூக்கு மட்டும் சொன்னா நான் எதக் கேக்கதுக்கு? புளி ஊத்திக் கொதிக்க வச்சா வாடை போயிருது." நீட்டின காலை மடக்கிக்கொண்டாள். "அவுக ரெண்டு துண்டு கூடப் போடச் சொல்லித் தின்னாக."

பிறகு எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தாள். உறைந்த ஒரு பொட்டலம். மேலே கம்பெனி பாலித்தீன். "மிச்சம் இருக்கு. இத எங்க குடுக்கணுமோ குடுங்க" என்று என் மடியில் வைத்தாள். பாலித்தீன் வழியாகவும் சிவப்பு தெரிந்தது.

மே 25, சனி

ஏற்றுமதி மீனைப் பரிசோதிக்கிற அரசு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன். பொட்டலத்தையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். கொழும்புக் கருவியின் வெள்ளைத்தாளைச் செல்போனில் படம் எடுத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். என் கையெழுத்து முப்பத்தேழு தாளில் இருக்கிறது என்று கடைசியில் எழுதினேன். திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.

மே 27, திங்கள்

வந்தார்கள். ஒரு அம்மா, இரண்டு ஆண்கள். குளிர் அறைக் கதவைத் திறந்தபோது நானும் பின்னால் நின்றேன்.

உள்ளே ஒன்றுமில்லை. பதினாறு டன் மீன் இருந்த இடம். தரை கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சுவர்களில் வெள்ளைப் பனி, விளக்கு வெளிச்சம், மின்விசிறி இரைச்சல். எங்கள் மூச்சு புகைபுகையாய் வந்தது.

"கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச உடனே அழிச்சிட்டோம்" என்று தியோடர் சார் ஒரு தாளை நீட்டினார். அழித்த எடை, தேதி, இடம். என்றைக்கும் எழுதுகிற அதே மாதிரித் தாள்.

அந்த அம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார்.

"கெட்டுப் போன மீனைத் தெரிஞ்சே வெட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க. வாடை வந்ததா?"

"எனக்கு வாடை தெரியாதும்மா."

"அப்போ எப்படிச் சொல்றீங்க?"

"மத்தவங்களுக்கு வந்துது."

"யாருக்கு வந்துது? அவங்களைக் கூப்பிடுங்க."

ஹாலில் நூற்று முப்பத்தொன்பது பேர் நின்றார்கள். அந்த அம்மா கேட்டார், யாருக்காவது வாடை வந்ததா என்று. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பொல்லாப்பாகப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி.

மே 28, செவ்வாய்

விசாரணை முடிகிற வரை கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து எடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயசீலியும் பேச்சை நிறுத்திவிட்டாள், அவள் நாத்தனார் அந்த ஹாலில்தான் வெட்டுகிறாள்.

மே 30, வியாழன்

வாட்ச்மேன் பரமசிவத்தை டீக்கடையில் பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழிக்கவும் இல்ல, புதைக்கவும் இல்ல. ஞாயித்துக்கிழமை நீங்கள்லாம் பூசைக்குப் போயிருந்த நேரம், மூணு லாரி. ஐஸைப் போட்டு மூடி எட்டையபுரம் ரோட்டுல வடக்க போச்சு."

உள்நாட்டு ஊர்களுக்கு. கடலைப் பார்க்காத ஊர்களுக்கு.

அந்த அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். லாரி நம்பர் கேட்டார்கள். பரமசிவத்துக்கு நம்பர் தெரியவில்லை.

ஜூன் 1, சனி

பொட்டலத்தின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹிஸ்டமின் என்று ஒன்று, மீன் சூட்டில் கிடந்தால் உண்டாகிற விஷம். இருக்கலாம் என்கிற அளவைப் போல இருபத்திரண்டு மடங்கு. கொதிக்க வைத்தாலும் போகாதாம், உறைய வைத்தாலும் போகாதாம். முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், இதய நோயாளிக்கு ஆபத்து. தாளில் அச்சடித்து இருக்கிறது.

"ஆனா இது ஒரு வீட்டு பிரிட்ஜ்ல இருந்து வந்த துண்டு" என்றார் அந்த அம்மா போனில். "பாலித்தீன் யாருக்கும் கிடைக்கும், கம்பெனி மீன்தான்னு நிரூபிக்கணும். முயற்சி பண்றோம்."

கனியக்காவிடம் போய்த் தாளைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். "அப்போ நாந்தான் வச்சுக் குடுத்திருக்கேன்" என்றாள். "நான்தான்" என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

எட்டையபுரம் வரை பஸ்ஸில் போனேன். மீன்கடை மூன்று. ஒன்றிலும் இல்லை.

கிளாட்வின் போன் பண்ணினார். டைரி எழுதுகிறாயா என்றார். எழுதுகிறேன் என்றேன்.

ஜூன் 3. இரண்டு ஊர். இல்லை.

ஜூன் 4. இல்லை. ஒரு ஊரில் வேப்பிலை கட்டின வாசல் நாலு பார்த்தேன். அம்மை என்றார்கள்.

ஜூன் 5, புதன்

நேற்று வேப்பிலை பார்த்த ஊருக்குப் பக்கத்து ஊரில் இன்று வாரச்சந்தை. காலையிலேயே போய்விட்டேன். காய்கறி, ஆடு, பிளாஸ்டிக் குடம் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு புளியமரத்தடி. தூரத்திலேயே தெரிந்தது. பலகை மேல் வாழையிலை, வாழையிலை மேல் அந்தச் சிவப்பு. சதுரம் சதுரமாக. எங்கள் ஹாலின் வெட்டு. கனியக்கா வெட்டினதாகக்கூட இருக்கலாம்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கிளம்பி வருகிறோம், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கூட்டம் நல்ல கூட்டம். விற்கிறவன் முப்பது வயசுக்காரன், நல்ல பையனாகத்தான் தெரிந்தான். "தூத்துக்குடி மீன்க்கா, நேத்துப் பிடிச்சது, நிறத்தப் பாருங்க" என்றான் என்னிடம். தடைக்காலத்தில் எவன் நேற்று பிடித்தான் என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் பலகைக்கு முன்னால் போய் நின்று, வாங்க வந்தவர்களைப் பார்த்துத் திரும்பினேன். "இது கெட்ட மீன். இதத் தின்னு ஒருத்தர் செத்துப் போயிட்டாரு" என்றேன்.

"யாரு நீங்க?" என்றான் அவன். சண்டைக்கு வரவில்லை. பயந்துவிட்டான். "நான் காசு குடுத்து வாங்கினது. நல்ல மீன். பாருங்க, கெட்ட மீன் இப்படியா இருக்கும்?"

கூட்டம் மீனைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. எனக்கே என் பேச்சு பைத்தியக்காரி பேச்சாகக் கேட்டது. அப்படிச் சிவந்து கிடந்தது அது.

"எனக்கு மூக்கு இல்ல" என்றேன். "வாடை தெரியாது. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு அம்மா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். மூக்கைப் பலகை வரை கொண்டு போனாள். நிமிர்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றாள், ஆனால் போகவில்லை. அடுத்து ஒரு கிழவர் குனிந்தார். அடுத்து ஒரு புது மணப்பெண், அவள் மாமியார். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து குனிந்து, மூச்சை இழுத்து, நிமிர்ந்து, ஒதுங்கி நின்றார்கள். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. சந்தைச் சத்தம் எல்லாம் தூரத்தில் கேட்டது. புளியமரத்தடியில் மட்டும் மூச்சு இழுக்கிற சத்தம்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்று.

கடைசியில் வந்தவர் லுங்கி கட்டிய ஒரு நடுவயசுக்காரர், தோளில் பெண் குழந்தை. குனிந்து நன்றாக முகர்ந்தார். ஒருமுறை முகர்ந்துவிட்டு இன்னொரு முறையும் முகர்ந்தார். நிமிர்ந்து என்னிடம், "வாடை இருக்கத்தான் செய்யுது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கும்பிடப் போனேன்.

அவர் மறுபடி மீனைப் பார்த்தார். அவர் மட்டுமல்ல, ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா நிறம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை விரித்து நீட்டினார். "ஒரு கிலோ போடுப்பா."

ஒதுங்கி நின்றவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றார்கள்.